கோல்டு விங்கின் பின்சக்கரத்தில் ஒரு கார் டயர்: 6,200 கி.மீ. பதிவு

பழைய டயரின் நடுவில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு ஓரங்களிலும் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், புதுசு போல நிற்கிறது. நடுவில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு வழவழவென்று மொட்டை. 12,000 கி.மீ. ஓடிய டயர் அது. நீண்ட நேர்சாலைகள், பின்சீட்டில் மனைவி, இரண்டு பக்கப் பெட்டியும் மேல்பெட்டியும் நிறையச் சாமான்: என் ஓட்டம் பெரும்பாலும் இப்படித்தான். வண்டி 2001 முதல் 2017 வரை வந்த தலைமுறையைச் சேர்ந்த ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1800 பைக். ஆறு சிலிண்டர், 1832 சிசி. எரிபொருள் நிரப்பி நிறுத்தினால் 400 கிலோவைத் தாண்டும். இந்தப் பாரத்தை இழுத்து ஓடும் பின்டயர் நடுவில் தேய்வது இயல்புதான். ஆனால் ஓரம் முழுசாக இருக்கும் டயரைத் தூக்கிப்போட ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை.

இந்த வண்டியில் பின்பக்கம் கார் டயர் போட்டு ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களை 'டார்க்சைடர்' என்பார்கள். போட்டவர்கள் சத்தியம் செய்து புகழ்கிறார்கள். போடாதவர்கள் தற்கொலை என்கிறார்கள். டயர் கம்பெனிகளும் வண்டிக் கம்பெனிகளும் கூடாது என்றே சொல்கின்றன. இரண்டு தரப்பையும் படித்துப் படித்துச் சலித்துப்போய், நானே அளந்து, நானே மாட்டி, நானே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நீங்களும் மாட்ட வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. காப்பீட்டையும் சட்டத்தையும் விசாரிக்காமல் யாரும் இதில் இறங்கவே கூடாது.

முதலில் அளவு. வண்டிக்கு வரும் பின்டயர் 180/60ஆர்16, சுமைக் குறியீடு 74. அதாவது ஒரு டயர் 375 கிலோ வரை தாங்கும். ரிம் 16 அங்குல விட்டம், 5 அங்குல அகலம். இதற்குக் கார் டயர் போடுபவர்களில் நிறையப் பேர் எடுப்பது 195/55ஆர்16. கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். முதல் எண் டயரின் அகலம், 180 மி.மீ. அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம், அதாவது 108 மி.மீ. மேலும் கீழுமாக அதை இரண்டு தடவை கூட்டி, ரிம்மின் 406.4-ஐச் சேர்த்தால் மொத்த உயரம் 622.4 மி.மீ. 195/55-க்கு இதே கணக்கில் 620.9 வருகிறது. ஒன்றரை மி.மீ. வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை.

ஆனால் எனக்கு ஓர் இடத்தில் உறுத்தியது. 195/55 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. நம் ரிம் 5. டயரைக் குறுக்கி உட்கார வைத்தால் பக்கச்சுவர் உள்நோக்கி வளையும், பட்டன் பகுதி நடுவில் மேடு தட்டும். உயரம் சரியாக இருக்கிறது என்பதற்காக அகலத்தில் கண்ணை மூடிக்கொள்ள நான் தயாராக இல்லை. அதனால் 175/60ஆர்16 எடுத்தேன். அதற்கு 5 அங்குல ரிம் முறையாகவே பொருந்தும். சுமைக் குறியீடு 82, அதாவது 475 கிலோ. உயரம் 616.4 மி.மீ. வருவதால் சுற்றளவு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது, அச்சு 3 மி.மீ. இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதால் இந்த வித்தியாசம் சின்னதாக இருப்பது முக்கியம். 1 சதவீதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

டயரைப் பார்த்து வாங்கும்போது இன்னொன்றும் கவனித்தேன். கார் டயர்கள் பலவற்றில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று தனித்தனிப் பட்டன் அமைப்பு இருக்கும். நாலு சக்கர வண்டிக்கு அது நல்லது. பைக் இரண்டு பக்கமும் சாயும். இடப்பக்க வளைவில் ஒரு குணம், வலப்பக்க வளைவில் வேறு குணம் என்றால் ஓட்டுபவன் கதி என்ன? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பட்டன் உள்ளதாகத் தேடி எடுத்தேன். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்தேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம்.

டயர் கடைக்காரர் மாட்டித்தர மறுத்துவிட்டார். "அண்ணே, காருக்குன்னா இப்பவே போட்டுத் தரேன். பைக்குக்குன்னா மன்னிச்சிருங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் கைபட்ட வேலை அது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் சைடுகார் மாட்டிய பழைய வண்டி வைத்திருக்கிறார். அவர் பீடிங் (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு) கழற்றும் கருவியையும் மூன்று நீள லிவர்களையும் கொடுத்தார். கொடுக்கும்போது, "என் வண்டி சாயாது தம்பி, உன் வண்டி சாயும். அதை மட்டும் மறந்துடாதே" என்றார்.

சக்கரத்தைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் காரைப் போல ஐந்து நட்டுகள்தான். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டு, அதற்கு மேல் ஜாக்கி. இரண்டு சைலன்சருக்கும் நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் வராது. பின்மட்கார்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, வண்டியை நன்றாக உயர்த்தி, பின்னால் உருட்டி எடுக்க வேண்டும். முன்பிரேக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். 400 கிலோ வண்டி ஜாக்கியில் நிற்கும்போது இந்த ஒரு கயிறு இல்லாமல் அடியில் கையை விடாதீர்கள்.

பழைய டயரை எடுத்ததும் ரிம்மை ஒரு முழு மணி நேரம் சுத்தம் செய்தேன். பீடிங் உட்காரும் விளிம்பில் பழைய ரப்பர் கருப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தட்டுப்படும் அளவுக்கு. பிளாஸ்டிக் துண்டால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலை ஒரு சுற்று ஓட்டி, எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். வால்வையும் மாற்றினேன். புது டயருக்குப் பழைய வால்வு போடுவது என் வழக்கமில்லை.

இனிமேல்தான் இந்த வேலையின் உயிர்நாடி. 16 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் பைக் ரிம்மும் கார் ரிம்மும் ஒன்றல்ல. காரில் இருப்பது ஜே வகை ரிம். பைக்கில் எம்டி வகை. விளிம்பின் உயரம் வேறு. பீடிங் வழுக்கி உள்ளே விழாமல் தடுக்கும் மேட்டின் வடிவமும் வேறு. கார் டயரின் பீடிங் ஜே ரிம்மை மனதில் வைத்து வார்க்கப்பட்டது. அது எம்டி ரிம்மில் ஏறி உட்காருமா, உட்கார்ந்தாலும் முழுமையாக உட்காருமா என்பதுதான் இந்த விஷயத்தின் பெரிய கேள்வி. பட்டனைப் பற்றியும் பிடிப்பைப் பற்றியும் சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

டயரை வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தேன். ரப்பர் இளகிய பிறகு டயர் சோப்பைத் தாராளமாகத் தடவி, லிவர் போட்டு ரிம்மில் ஏற்றினேன். அது சுலபமாகவே போனது. வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, நீளமான ஓஸில் கிளிப் மாட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று கம்ப்ரசரைத் திறந்தேன். 28 பி.எஸ்.ஐ-யில் ஒரு பக்கம் 'டப்'பென்று உட்கார்ந்தது. மறுபக்கம் அசையவில்லை. 35. 38. 40. அத்தோடு நிறுத்தினேன். பீடிங்கை உட்கார வைக்க 40 பி.எஸ்.ஐ-க்கு மேல் ஏற்றாதே என்று கார் டயரின் பக்கச்சுவரிலேயே அச்சடித்திருக்கிறது.

காற்றை இறக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய ஒரு வரி சுற்றிலும் ஓடும். ரிம் விளிம்பிலிருந்து அந்த வரி எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் பீடிங் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் டயரில் வால்வுக்கு நேர் எதிரே, ஏறக்குறைய இரண்டு சாண் நீளத்துக்கு, அந்த வரி ரிம்முக்குள் மறைந்து கிடந்தது. அந்த இடத்தில் பீடிங் இன்னும் மேட்டுக்கு உள்பக்கமே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் 60, 80 என்று ஏற்றுகிறார்கள். எனக்கும் அதே யோசனை சொல்லப்பட்டது. கேட்கவே முடியாது என்று சொல்லிவிட்டேன். பீடிங்குக்குள் இருப்பது எஃகுக் கம்பிச் சுருள். மேட்டில் சிக்கி நிற்கும் அந்தக் கம்பியை அழுத்தத்தால் தள்ளும்போது அது ஏறலாம், அறுந்தும் போகலாம். அறுந்தால் உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும். பக்கத்தில் நிற்பவனின் கையும் முகமும் போய்விடும். டயர் வேலையில் நடக்கும் மோசமான விபத்துகளில் இது ஒன்று. அழுத்தம் போதவில்லை என்றால் வழுக்கல் போதவில்லை என்று எடுத்துக்கொள்வதே சரி.

அப்படியே செய்தேன். பீடிங்கை முழுக்கக் கழற்றி, மறுபடி சோப்பு தடவி, அடம்பிடித்த பகுதி வால்வுப் பக்கம் வரும்படி டயரை ரிம்மில் சுழற்றி வைத்து, மறுபடி 40 வரை. வரவில்லை. மூன்றாவது முறை டயரை வெயிலில் இன்னும் ஒரு மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் ஏற்றினேன். 39-இல் இரண்டாவது 'டப்' கேட்டது. வரியைச் சுற்றிலும் ஸ்கேல் வைத்து எட்டு இடங்களில் அளந்தேன். ஒரு மி.மீ-க்குள் எல்லாம் சமம். அப்போது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

இந்தச் சக்கரத்தின் நடுவில் பெரிய துளை என்பதால், கூம்பு வைத்து அச்சில் நிறுத்தி பேலன்ஸ் பார்த்தேன். ஒட்டும் எடை 45 கிராம் தேவைப்பட்டது. ஐந்து நட்டுகளையும் நட்சத்திர வரிசையில் 108 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்த்தேன். அகலம் பழைய டயரைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் எங்கும் உரசல் இல்லை.

காற்று எவ்வளவு வைப்பது? வண்டியின் கையேட்டில் பின்டயருக்கு 41 பி.எஸ்.ஐ. அது வட்டமான பைக் டயருக்கு. கார் டயரில் 41 வைத்து, பட்டன் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு பட்டை கிழித்து, இருபது மீட்டர் நேராக ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. 36-இல் அழிவு அகலமானது. 32-இல் ஓரத்தில் விரல் அகலம் தவிர எல்லாம் அழிந்தது. 28-இல் முழுக்க அழிந்தது, ஆனால் மெதுவாகத் திரும்பும்போதே பின்பக்கம் நெளிவது தெரிந்தது. 32-இல் நிறுத்தினேன். இருவரும் சாமானும் ஏறினால் 34.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில். எட்டு போட்டுப் பழகினேன். முதல் சாய்விலேயே வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிட்டது. பைக் டயரின் குறுக்குவெட்டு வளைந்தது. வண்டி சாயச் சாய, தரையைத் தொடும் இடம் அந்த வளைவில் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். கார் டயர் செங்கல் மாதிரி. சாய்த்ததும் தொடும் இடம் சட்டென்று உள்பக்கத் தோளுக்குத் தாவுகிறது. பாரத்தைத் தரை அந்த ஓரத்தில் தாங்குவதால், வண்டியை நிமிர்த்தப் பார்க்கும் ஒரு விசை உண்டாகிறது. நீங்கள் ஹேண்டில்பாரின் உள்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் சாய்வு நிற்கும். விட்டால் நிமிரும். பைக் டயரில் சாய்த்த பிறகு கை ஓய்வாக இருக்கும். இதில் ஓய்வு இல்லை.

நேர்சாலையில் இதே குணம் வரமாக மாறுகிறது. பாரம் ஏற்றி, பக்கக் காற்று அடிக்கும்போதுகூட வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது. பின்சீட்டில் இருந்த மனைவி, "குலுங்கல் குறைஞ்சிருக்கே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். நேராக நிறுத்தும்போது பிரேக் பிடிப்பு நன்றாக இருந்தது. மழையில் நேராகப் போகும்போது தண்ணீரை நன்றாக விலக்கியது. புகழ்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

ஓரம் சரிந்த சாலைதான் தொந்தரவு. தட்டையான டயர் சாலையின் சரிவோடு சேர்ந்து போகப் பார்க்கும். புதுத் தார் போட்ட இடத்தில் பழைய தாரும் புதுத் தாரும் சேரும் நீளப் படிக்கட்டு இருக்குமே, அதைச் சாய்வான கோணத்தில் ஏறினால் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதே பின்னால் என்னை யோசிக்க வைத்தது.

5,000 கி.மீ. தாண்டிய சமயம், ஒரு நீண்ட இடப்பக்க வளைவு. நான் சாய்த்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தபோது என் பாதையிலேயே தேங்காய் அளவு கல் ஒன்று கிடந்தது. செய்ய வேண்டியது எளிது: இன்னும் கொஞ்சம் சாய்த்து, உள்பக்கமாக ஒரு கை அகலம் விலக வேண்டும். இருபது வருடமாக என் கை அறிந்த அழுத்தத்தைக் கொடுத்தேன். வண்டி சாயவில்லை. இன்னும் அழுத்தினேன். அப்புறம்தான் சாய்ந்தது. கல்லை விட்டு விலகினேன், இடைவெளி நினைத்ததில் பாதிதான். கீழே விழவில்லை, சறுக்கவும் இல்லை. மனைவிக்கு எதுவும் தெரியாது. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிதானமாக ஓட்டும்போது கை புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. பதறும்போது பழைய பழக்கத்துக்கே திரும்புகிறது. அந்த இடைவெளியில் பின்னால் உட்கார்ந்திருப்பவளை வைத்து நான் ஓட்டக்கூடாது.

6,200-இல் கழற்றினேன். ஆழமானியில் நடுப்பட்டன் 7.3 மி.மீ. புதிதில் 8.0. இந்தக் கணக்கில் இன்னும் பல மடங்கு தூரம் ஓடியிருக்கும், சந்தேகமே இல்லை. இரண்டு தோள்களிலும் பட்டன் ஓரம் ரம்பப்பல் மாதிரித் தேய்ந்து, விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கியது, எதிர்த்திசையில் ஓட்டினால் பிடித்தது.

என்னை உட்கார வைத்தது பீடிங். டயரைக் கழற்றித் துடைத்ததும் பீடிங்கின் வெளிப்பக்கத்தில், ரிம் விளிம்பு அழுத்திய இடத்தில், பளபளப்பான ஒரு கோடு சுற்றிலும் தெரிந்தது. ஒரு பக்கம் அது முழு வட்டம். மறுபக்கம், அன்றைக்கு அடம்பிடித்த அதே இரண்டு சாண் நீளத்தில், கோடு மங்கி, பாதி அகலமாகி, ஓர் இடத்தில் காணாமலே போயிருந்தது. வெளியே வரியை எட்டு இடத்தில் அளந்து சமம் என்று நிம்மதியடைந்தேனே, உள்ளே அது சமமாக அழுந்தவே இல்லை. காற்று ஒருநாளும் கசியவில்லை. ஓட்டத்தில் அடையாளமே இல்லை. கழற்றிப் பார்த்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மறுநாளே 180/60ஆர்16 பைக் டயரை மாட்டினேன். 41 பி.எஸ்.ஐ. நடுவில் தேயட்டும்.

கார் டயர் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. லிவர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டி சைடுகாரோடு மூன்று சக்கரத்தில் நிமிர்ந்தே ஓடுவது, சாய்வதில்லை. பின்னால் 16 அங்குலக் கார் ரிம்மே மாட்டியிருக்கிறார். "எடுத்துட்டு வா தம்பி, பார்ப்போம்" என்றார். பீடிங்கை ஒரு சுற்று விரலால் தடவி, கம்பி எங்கும் மடங்கவில்லை, ரப்பர் எங்கும் கிழியவில்லை என்று பார்த்துவிட்டு, தன் ரிம்மில் ஏற்றினார். ஓஸைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளி நின்றேன். அடுத்தடுத்து இரண்டு 'டப்'. மானியைப் பார்த்தேன். 22.